குட்டி அடையில் பாதி காயாக இருக்கட்டும்

(தொலைக்காட்சி அரங்க நிகழ்ச்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறு குழந்தைகளுக்குக் காய்கறியும் தானியமும் சேர்த்து அடை செய்து கொடுப்பது பற்றி இன்று பேசப் போகிறேன். "இதைப் பேச ஓர் அரங்கம் வேண்டுமா, செய்முறையை எழுதிக் கொடுத்தால் போதாதா?" என்று வரும் வழியில் ஒருவர் கேட்டார். செய்முறையும் சொல்கிறேன். பேனா, தாள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, சத்துணவு நிபுணரும் இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். தெரிந்தவர்களிடம் கேள்வி கேட்பதும், அவர்கள் சொன்னதை நேயர்களுக்குப் புரியும்படி திருப்பிச் சொல்வதும்தான் என் தொழில். ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என் அடுப்பில் செய்து பார்த்ததும்தான்.

கிளினிக்கில் நின்றுபோன கோடு

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது மூன்று மாதம். தடுப்பூசி, எடை, உயரம் எல்லாம் எழுதும் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கிற்குப் போயிருந்தேன். தாதி அவனை நிறுத்தி எடை பார்த்தார். புத்தகத்தில் புள்ளி வைத்தார். முந்தைய புள்ளியோடு சேர்த்துக் கோடு போட்டார். அந்தக் கோடு மேலே ஏறவில்லை. மேசை விளிம்பு மாதிரி நேராகப் போய் நின்றது.

அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை இவன் என்ன சாப்பிடுகிறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பேர் பார்க்கும் நிகழ்ச்சியில் நின்று, இன்று என்ன சமைக்கலாம் என்று சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள் நான். என் பிள்ளை பகலில் என்ன சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். பகல் முழுவதும் அவன் என் மாமியாரோடு இருப்பான்.

வீட்டிற்கு வரும் வழியெல்லாம் மனத்துக்குள் மாமியாரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். வந்ததும் கேட்டேன். "அத்தை, பகல்ல அவனுக்கு என்ன குடுக்கிறீங்க?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ வாங்கி வெக்கிறதத்தானே நான் குடுக்கிறேன்?" என்றார்.

அலமாரியைத் திறந்து காட்டினார். கிரீம் பிஸ்கெட், சீஸ் வாசனை வரும் பொட்டலத் தீனி, மால்ட் பானப் பொடி. எல்லாம் நான் வாங்கியவை. மதியம் இரண்டு வாய் ரசச் சோறு. நாலு மணிக்குப் பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்து ஊட்டுவார். சில நாள்களில் சந்திக் கடையில் வாங்கிய பீசாங் கோரேங். வயிறு நிறைந்துவிடும். இரவில் நான் சோறு பிசைந்தால் வாயை மூடிக்கொள்வான். "பிள்ளைக்குப் பசியே இல்லை" என்று நானும் அலுத்துக்கொள்வேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது என் வீட்டில் மட்டும் நடக்கும் கதை இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னது. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு பிள்ளை. தாயின் உடல்நிலை, பிறந்தபோது இருந்த எடை, அடிக்கடி வரும் நோய், குடும்ப வருமானம் என்று காரணங்கள் பல உண்டு. ஓர் அடையால் இவ்வளவும் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு மணித் தீனி நம் கையில் இருக்கிறது. அதை இன்றைக்கே மாற்றலாம்.

சிறு பிள்ளையின் வயிறு சிறியது. பெரியவர்களைப் போல மூன்று வேளையில் ஒரு நாள் சத்தை வாங்கிக்கொள்ள அதனால் முடியாது. அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாட்டோடு, இடையில் ஓரிரு சிற்றுணவும் வேண்டும் என்கிறார்கள். நமக்கு நாலு மணிப் பலகாரம் வாய்க்கு ருசி. பிள்ளைக்கோ அது இன்னொரு வேளைச் சாப்பாடு. அந்த வேளையை நாம் பிஸ்கெட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பெயர் காய்க்கு, இடம் மாவுக்கு

"அப்படியானால் பிஸ்கெட்டை நிறுத்திவிட்டு வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறேன்" என்று நானும் கிளம்பினேன். கேரட் சுச்சோர் செய்தேன். இரண்டு கோப்பை கோதுமை மாவு, ஒரே ஒரு சின்னக் கேரட், கொஞ்சம் சீனி, பொங்கி வருவதற்குச் சோடா மாவு, சட்டி நிறைய எண்ணெய். பொன்னிறமாக வந்தது. கேமராவில் காட்டினால் அவ்வளவு அழகாக இருக்கும். ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரஞ்சு நிறக் கோடுகள். பெயர்தான் கேரட். பிள்ளை சாப்பிடுவது மாவும் எண்ணெயும் சீனியும்.

நம் சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று பிரசாரம் செய்கிறதே, பார்த்திருப்பீர்கள். அம்மாமார்களே, இது கஷாயம் வைக்கிற நம் வீட்டுச் சுக்கு இல்லை! மலாய் மொழியில் 'சுக்கு' என்றால் கால் பங்கு, 'செப்பாரோ' என்றால் அரைப் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு போன்ற தானியம், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்ற புரதம், மீதிப் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் தட்டை வைத்துக் கால், அரை என்று பிரித்தால் நடக்குமா? சோற்றை மட்டும் அள்ளிக்கொண்டு மீதியைத் தரையில் போடும். ஆனால் அதே கணக்கை ஓர் அடைக்குள் வைக்க முடியும். கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்போ முட்டையோ, பாதி காய். பிள்ளை எந்தப் பக்கம் கடித்தாலும் மூன்றும் வாய்க்குள் போகும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு கணக்கைத்தான். மற்றவையெல்லாம் இதைச் செய்வதற்கான வழி.

நம் முன்னோர்களுக்கு இது புதிதில்லை. அரிசியையும் பருப்பையும் சேர்த்து ஊற வைத்து அரைப்பதுதானே அடை? அரிசியில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. லைசின் என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே நம் பாட்டிமார்கள் சரியாகச் செய்தார்கள். மலாய்க்கார அக்கம்பக்கத்தார் செய்யும் ஜெம்புட்-ஜெம்புட்டில் சோளமும் நெத்திலியும் போடுகிறார்கள். அதுவும் நல்ல யோசனைதான். இரண்டையும் நம் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொள்வோம்.

மூன்று செய்முறைகள்

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் பாதி அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு அடை வரும்.

முதலாவது, பாசிப்பருப்பு அடை. கால் கோப்பை பச்சரிசி, கால் கோப்பை பாசிப்பருப்பு. இரண்டையும் கழுவி இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை வடித்து, கொஞ்சம் சீரகத்தோடு கெட்டியாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை துருவிய கேரட், ஒரு கோப்பை பொடியாக நறுக்கிய பாயாம் கீரை, இரண்டு சின்ன வெங்காயம் சேருங்கள். "மாவை விடக் காய் அதிகமாகத் தெரிகிறதே, ஒட்டுமா?" என்று பயப்படாதீர்கள். காயும் கீரையும் வெந்ததும் சுருங்கிவிடும். பச்சையாக இரண்டு கோப்பை போட்டால்தான் வெந்த பிறகு ஏறக்குறையப் பாதியாக நிற்கும்.

இரண்டாவது, கேழ்வரகு முருங்கைக்கீரை அடை. அரைக் கோப்பை கேழ்வரகு மாவு, கால் கோப்பை கடலை மாவு. இரண்டையும் வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுத்து ஆற வையுங்கள். ஒரு கோப்பை முருங்கைக்கீரை, ஒரு கோப்பை துருவிய பரங்கிக்காய், நாலு சின்ன வெங்காயம், இரண்டு மூன்று கரண்டி தயிர். பரங்கிக்காயே தண்ணீர் விடும். அதனால் பிசைந்து பத்து நிமிடம் வைத்துவிட்டு, அப்புறமும் தேவைப்பட்டால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் இந்த அளவுக்குக் கிடையாது. முருங்கை மரம் உங்கள் தாமானில் யார் வீட்டு வேலியோரமாவது கட்டாயம் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்றாவது, சோற்று அடை. காலையில் நேரமில்லாதவர்களுக்கு. ஒரு கோப்பை மீந்த சோற்றைக் கையால் மசியுங்கள். ஒரு முட்டை, ஒரு கோப்பை பொடியாக நறுக்கிய சாவிக் கீரையும் துருவிய கேரட்டும், அரைக் கோப்பை துருவிய இளஞ்சோளம். நெத்திலியைக் கழுவி, உப்புப் போக ஊற வைத்து, நன்றாக வறுத்துப் பொடி செய்து ஒரு சின்னக் கரண்டி போடலாம். ஒட்டவில்லை என்றால் ஒரு கரண்டி அரிசி மாவு.

மீந்த சோறு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமைத்த சோற்றை நம் ஊர்ச் சூட்டில் அடுப்படியிலேயே இரவு முழுவதும் வைத்துவிட்டு மறுநாள் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சோறு வெந்த பிறகும் சாகாமல் இருக்கும் கிருமி வித்துகள் உண்டு. அவை வெளியில் இருக்கும் சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிடுங்கள்.

சுடும் விதம் மூன்றுக்கும் ஒன்றுதான். மாவு ஊற்றுகிற பதத்தில் இருக்கக்கூடாது. கரண்டியில் எடுத்தால் மெதுவாக விழ வேண்டும். தோசைக்கல்லைச் சூடாக்கி, ஒரு சின்னக் கரண்டி எண்ணெயைத் தடவி, மாவை வைத்துத் தட்டையாக அழுத்துங்கள். மிதமான தீயில் மூடி போட்டு மூன்று நாலு நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம். மூடி போடுவது எதற்கு என்றால், அந்த ஆவியில்தான் நடுவில் இருக்கும் காயும் பருப்பும் வேகும். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் மேலே கருகி உள்ளே பச்சை வாடை அடிக்கும். வீட்டில் குழிப்பணியாரக் கல் இருந்தால் இன்னும் வசதி. பிள்ளையின் கைக்கு அடக்கமாக உருண்டையாக வரும்.

எண்ணெயே வேண்டாம் என்று சில அம்மாக்கள் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. கேரட்டிலும் பரங்கிக்காயிலும் உள்ள வைட்டமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வளரும் பிள்ளைக்கும் கொழுப்பு தேவை. நான் வேண்டாம் என்பது, சட்டி நிறைய ஊற்றிப் பொரிப்பதையும், நேற்றுப் பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து இன்றைக்கும் பொரிப்பதையும்தான்.

இன்னொரு விஷயம் தேநீர். நம்மில் பலர் பிள்ளைக்கும் ஒரு சின்னக் கோப்பையில் ஆற்றிக் கொடுக்கிறோம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு வாங்கவிடாமல் தேநீர் தடுக்கிறது. கஷ்டப்பட்டு முருங்கைக்கீரை அடை செய்து கொடுத்துவிட்டு, கூடவே தேநீரும் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். அதற்குப் பதிலாக இரண்டு துண்டு பப்பாளியோ ஆரஞ்சுச் சுளையோ வையுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்க உதவும். குடிக்கத் தண்ணீர் போதும்.

தொண்டையில் சிக்கக்கூடாது

பிள்ளை உணவைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆறு மாதம் நிறைந்த பிறகுதான் திட உணவு. அப்போதும் மசித்த உணவிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடப் பழகும்போது, மிக மெதுவான அடையை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கலாம். உங்கள் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் அது நசுங்க வேண்டும். நசுங்கவில்லை என்றால் அந்த வயதுக்கு அது ஆகாது.

கேரட்டைத் துண்டு துண்டாகப் போடாமல் மெல்லிசாகத் துருவிப் போடுங்கள். சோளத்தை முழு மணியாகப் போடாமல் துருவியோ நசுக்கியோ போடுங்கள். முழு நிலக்கடலையை ஐந்து வயது வரை எந்த அடையிலும் போட வேண்டாம். கறிவேப்பிலைக் காம்பு, கீரைத் தண்டு, நெத்திலி முள் எல்லாவற்றையும் பார்த்து எடுத்துவிடுங்கள். பிள்ளை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் பிள்ளையின் பின்னால் போய் வாயில் திணிப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் யாராக இருந்தாலும், தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்ற முதலுதவிப் பயிற்சியை ஒரு முறையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 999 என்பதையும் பாட்டிமார்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு வயது வரை உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம். தேன் கண்டிப்பாகக் கூடாது. அதற்குப் பிறகும் உப்பைக் கிள்ளிப் போட்டால் போதும், மிளகாய்க்குப் பதில் சீரகம் போதும். முட்டை, மீன், நிலக்கடலை, கோதுமை, பால் இவை சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமல் போகலாம். முதல் முறை கொடுக்கும்போது ஒரு நாளில் ஒன்றை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

ஒளித்து வைத்ததும் அகப்பட்டுக்கொண்டதும்

கணக்கும் கிடைத்துவிட்டது, செய்முறையும் கிடைத்துவிட்டது. பிள்ளை சாப்பிட்டானா? இல்லை. அங்கேதான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன்.

அவனுக்குப் பச்சை நிறத்தைக் கண்டாலே ஆகாது. அதனால் கீரையை வேக வைத்து, மைபோல் அரைத்து, மேலே கேரட்டைத் தூவி, சீஸ் வைத்து, "இது பிஸ்கெட்டு மாதிரி" என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் சாப்பிட்டான். எனக்கு ஒரே பெருமை. அலுவலகத்தில் எல்லாரிடமும் சொன்னேன். மூன்றாவது நாள் அடையைப் பிய்த்தான். உள்ளே பச்சை தெரிந்தது. என்னைப் பார்த்தான். வாயிலிருந்ததைத் துப்பினான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அடை, தோசை, சப்பாத்தி, வட்டமாக எது வந்தாலும் தொடவே இல்லை. அவன் கீரையை மறுக்கவில்லை. நான் கொடுப்பதை நம்ப மறுத்துவிட்டான்.

மீட்டுக் கொடுத்தது என் மாமியார்தான். ஒரு நாள் சீக்கிரம் வேலை முடிந்து வந்தேன். வாசல் திண்ணையில் பழைய நாளிதழை விரித்து, முருங்கைக் கொத்தைப் போட்டு, இருவரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு காம்பைப் பிடித்து இழுத்து இலை உருவுகிறார். அவனும் ஒரு காம்பைப் பிடித்து இழுக்கிறான். பாதி இலை கிண்ணத்தில், பாதி தரையில். "நம்ம தோட்டத்துல இருந்தப்போ எங்கம்மாவுக்கு நான் இப்படித்தான் உருவிக் குடுப்பேன்" என்று அவனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினான்.

மாவு பிசையும்போது அந்த இலையை அவன் கையாலேயே போட வைத்தார். சுட்டு, ஆற வைத்து, இரண்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, தான் ஒன்றை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். "சாப்பிடு" என்று சொல்லவே இல்லை. அவன் அன்று சாப்பிடவில்லை. விரலால் குத்திப் பார்த்தான், அவ்வளவுதான். நான் வாயெடுக்கப் போனேன். கண்ணாலேயே என்னை அடக்கினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்தார்கள். அப்போது ஓரத்தைக் கடித்தான். நாலாவது முறை ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, "நான் போட்ட கீரை" என்று என்னிடம் காட்டினான்.

பிறகு ஒரு சத்துணவு அதிகாரியிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புதிய உணவைக் கண்டு தயங்குவது பிள்ளைகளின் இயல்பு என்றார். எட்டு முறை, பத்து முறை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் அதே உணவைக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். நாம் இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "என் பிள்ளைக்குக் கீரை பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அப்புறம் பிள்ளையும் அதையே சொல்லக் கற்றுக்கொள்கிறது.

ஆகவே, காயை ஒளிக்காதீர்கள். கேரட் கேரட்டாகவே தெரியட்டும், கீரை பச்சையாகவே இருக்கட்டும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுவோம். ஒன்று சாப்பிட்டால் ஒன்று. சாப்பிடவில்லையா, தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருப்போம். உடனே பிஸ்கெட் டின்னைத் திறந்தால், மறுத்தால் பிஸ்கெட் வரும் என்று நாமே பாடம் நடத்தியதாக ஆகிவிடும்.

யார் கையால் சாப்பிடுகிறது?

வேலைக்குப் போகும் தாய்மார்களின் கேள்வி எனக்குத் தெரியும். "இதையெல்லாம் எப்போது செய்வது?" ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வகையில் இரட்டை மடங்கு செய்து, நன்றாக ஆற வைத்து, நடுநடுவே தாள் வைத்து அடுக்கி, உறைபெட்டியில் வைத்துவிடலாம். ஒரு மாதம் வரை தாங்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக் கல்லில் போட்டு, உள்ளே வரை ஆவி பறக்கச் சூடு பண்ணி, ஆற வைத்துக் கொடுங்கள். ஒரு முறை சூடு பண்ணியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

பிள்ளையைப் பராமரிப்பு மையத்திலோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ விடுகிறீர்களா? டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். கூடவே, "கட்டாயப்படுத்த வேண்டாம், உட்கார வைத்துக் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாயங்காலம் அழைக்கப் போகும்போது "சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்காமல், "என்ன சாப்பிட்டான்?" என்று கேளுங்கள். அந்தத் தாதி என்னிடம் கேட்ட கேள்வியை நாமே தினமும் கேட்டுக்கொண்டால், புத்தகத்தில் கோடு நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் சம்பாதித்து வாங்கி வந்து அடுக்குகிற பொட்டலங்களைப் பார்த்து, பேசினால் மருமகள் கோபித்துக்கொள்வாளோ என்று நீங்கள் சும்மா இருந்துவிடுகிறீர்கள். சும்மா இருக்காதீர்கள். உங்கள் கையில் அரைக்கிற பழக்கமும் பொறுமையும் இருக்கிறது. எங்களிடம் படித்துத் தெரிந்துகொண்ட கணக்கு கொஞ்சம் இருக்கிறது. இரண்டும் ஒரே அடுப்படியில் சேர வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே கிளினிக்கிற்குப் போனோம். இந்த முறை மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனேன். தாதி புள்ளி வைத்தார், கோடு போட்டார். மேலே ஏறியிருந்தது. பெரிய ஏற்றம் என்று சொல்ல முடியாது. அடையால்தான் ஏறியது என்றும் நான் சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாடு மாறியது, தேநீர் நின்றது, நானும் வாரத்தில் இரண்டு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வரும்படி நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் "காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறான்?" என்று அவர் மறுபடியும் கேட்டபோது, நானும் மாமியாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். பதிலும் ஒன்றாகவே இருந்தது.

நேயர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நாளை மாலை நாலு மணிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் என்ன பலகாரம் இருக்கிறதோ, அதில் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பாதி காய் தெரிகிறதா? தெரியவில்லை என்றால், இன்றிரவே கால் கோப்பை அரிசியையும் கால் கோப்பை பருப்பையும் ஊற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.